தப்பாகத் தட்டினால் எது தப்பு என்று புரோகிராம் சொல்ல வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் எந்தப் படிப்புக்கு எந்த வேலை, எந்தக் கணினி மொழிக்கு இப்போது மதிப்பு என்றெல்லாம் தொடர்ந்து வருகிறது. நல்ல விஷயம், நானே பல முறை கத்தரித்து வகுப்பில் ஒட்டியிருக்கிறேன். ஆனால் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளிடம் யாரும் எடுத்துச் சொல்லாத ஒரு சங்கதி இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சத்துவாச்சாரியில் மாலை நேரத்தில் லினக்ஸ் என்ற இயங்குதளமும் பைத்தான் என்ற கணினி மொழியும் சொல்லிக்கொடுக்கிறேன். காட்பாடி, பாகாயம், அணைக்கட்டு, குடியாத்தம் பக்கமிருந்து கல்லூரி முடித்து அப்படியே பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள், ராணிப்பேட்டை சிப்காட்டிலும் ஆம்பூர் தோல் கம்பெனிகளிலும் ஆபீஸ் வேலை பார்ப்பவர்கள், ஆஸ்பத்திரி லேப்பில் இருக்கும் ஒன்றிரண்டு பேர், இப்படிக் கலந்துகட்டி இருப்பார்கள். எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் அந்தக் கறுப்புத் திரைக்கு, அதாவது டெர்மினலுக்கு, வந்துதான் ஆக வேண்டும். அங்கே பட்டன் கிடையாது. கட்டளையின் பெயரை அடித்து, கூடவே எந்தக் கோப்பு, எந்த முறையில், எங்கே கொண்டுபோய்ப் போட வேண்டும் என்ற விவரங்களையும் அடித்து என்டர் தட்ட வேண்டும். அந்த விவரங்களைத்தான் ஆர்க்யுமென்ட் என்கிறோம். அதில் ஏதாவது பிசகினால் புரோகிராம் திருப்பி என்ன சொல்கிறது என்பதுதான் என் கவலை.

பெரும்பாலும் அது சொல்வது "இன்வேலிட் ஆர்க்யுமென்ட்", அதாவது விவரம் செல்லாது. அவ்வளவுதான். கொடுத்த நான்கு விவரத்தில் எது சரியில்லை, ஏன் சரியில்லை, எப்படிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும், ஒரு வார்த்தை இருக்காது. இதில் எனக்குத் தாங்க முடியாதது என்னவென்றால், தட்டினவருக்கு என்ன பிழை என்று தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் தெரியாது, ஆனால் அந்தப் புரோகிராமுக்குத் தெரியும். இந்த இடத்தில் ஓர் எண்ணை எதிர்பார்த்தேன், எழுத்து வந்தது என்று கண்டுபிடித்த பிறகுதானே அது நின்றுபோகிறது? கண்டுபிடித்ததைச் சொல்லும்படி எழுதினவர் எழுதவில்லை. அதைத் தவிர இதில் வேறு எந்தக் கஷ்டமும் இல்லை.

கிட்டத்தில் இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். என்னிடம் படிக்க வரும் ஒரு அம்மா ஆம்பூர் பக்கம் ஷூவின் மேல்பாகம் தைக்கிற ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். அன்றன்றைக்கு அனுப்பின சரக்குப் பட்டியலைக் கணக்கில் ஏற்ற அங்கே ஒரு சின்ன கமாண்ட் லைன் புரோகிராம், அதாவது டெர்மினலில் கட்டளை அடித்து ஓட்டுவது, உண்டு, வெளியாள் ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. பட்டியல் கோப்பின் பெயரையும் தேதியையும் அடித்தால் போதும், வரவு அந்தத் தேதியில் ஏறிவிடும். மாதத்தின் முதல் பன்னிரண்டு நாள் எந்தத் தொந்தரவும் இருக்காது. பதிமூன்றாம் தேதி ஆனால் "தவறான உள்ளீடு" என்று நின்றுவிடும். இவர் கோப்புதான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து மறுபடி எக்செல்லில் இருந்து சேமிப்பார், பெயரை மாற்றிப் பார்ப்பார், கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவார், கடைசியில் கையாலேயே ஒவ்வொன்றாக ஏற்றுவார்.

காரணம் என்ன தெரியுமா? எழுதினவர் மாதத்தை முதலிலும் நாளை இரண்டாவதாகவும் வைத்துவிட்டார். நம் ஊரில் யார் அப்படி எழுதுகிறோம்? 13/04 என்று அடித்தால் பதிமூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் புரோகிராம் நின்றது. சரி, நின்றது கூடப் பரவாயில்லை. 05/04 என்று அடித்தபோது அது நிற்கவே இல்லையே! ஏப்ரல் ஐந்தாம் தேதி அனுப்பின சரக்கை மே நான்காம் தேதியில் கொண்டுபோய் வைத்துவிட்டு எதுவும் நடக்காத மாதிரி இருந்தது. மாதக் கடைசியில் ஜிஎஸ்டி கணக்குக்கு உட்காரும்போதுதான் பாதி மாதத்தைக் காணோம் என்று தெரிந்து, ஆபீஸே கலங்கிப்போனது. அந்த அம்மாவிடம் விளக்கம் கேட்டார்கள். அவர் செய்த தவறு ஒன்றுமே இல்லை.

அந்த இடத்தில் புரோகிராம் இப்படிச் சொல்லியிருந்தால்? "இரண்டாவது விவரம், தேதி, 13/04/2025 என்று வந்தது. மாதம், நாள், ஆண்டு என்ற வரிசையில் எதிர்பார்க்கிறேன். 13 என்ற மாதம் இல்லை. இப்படிக் கொடுக்கவும்: 04/13/2025." இதைப் படித்த அந்த நிமிடமே அவருக்கு அன்றைய பிழை புரிவதோடு, அப்படியானால் இந்தப் பன்னிரண்டு நாளும் ஏற்றியது என்ன ஆயிற்று என்ற சந்தேகமும் வந்திருக்கும். இதைவிட நல்ல வழியும் உண்டு. 1988இல் வந்த ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தேதித் தரப்படி ஆண்டை முதலில் வைத்து 2025-04-13 என்று மட்டும்தான் வாங்குவேன் என்று வைத்திருந்தால் குழப்பத்துக்கே இடமில்லை. ஏற்றுவதற்கு முன் "2025 ஏப்ரல் 13, ஞாயிறு தேதியில் ஏற்றுகிறேன்" என்று தான் புரிந்துகொண்டதை ஒரு வரி திருப்பிச் சொன்னாலும் போதும், மனுஷருக்குக் கிழமை மனதில் இருக்கும், தப்பான நாள் என்றால் சட்டென்று கண்ணில் படும்.

காட்பாடி போக வேண்டியவர் பாகாயம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டால் "இது போகாது, இறங்கு" என்று மட்டும் சொல்கிற கண்டக்டரும் இருப்பார், "இது பாகாயம் போகுதும்மா, நீங்க எதிர்ப்பக்கம் நின்னு ஏறுங்க" என்கிற கண்டக்டரும் இருப்பார். இரண்டாமவர் சொன்னதில் எல்லாம் வந்துவிட்டது: நீங்கள் செய்தது என்ன, ஏன் ஒத்துவராது, இனி என்ன செய்வது. புரோகிராமின் பிழைச் செய்தியிலும் இவ்வளவுதான் தேவை. கூடவே, வந்த விவரத்தை எழுத்து மாறாமல் மேற்கோள் குறிக்குள் போட்டுக் காட்ட வேண்டும். ஏனென்றால் கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருந்தால் அப்போதுதான் தெரியும்.

எழுத்து மாறாமல் காட்டினால் மட்டும் போதாத இடமும் ஒன்று உண்டு, இது எங்கள் பகுதிக் கல்லூரிகளில் தினமும் நடக்கிறது. லேப் மேனுவலை வேர்டில் அடிக்கிறார்கள். வேர்டு என்ன செய்யும், இரண்டு ஹைஃபன் சேர்ந்து வந்தால் அழகுபடுத்துகிறேன் என்று ஒரே நீளக் கோடாக மாற்றிவிடும். நேர் மேற்கோள் குறியை வளைந்த மேற்கோளாக்கிவிடும். அதைப் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள். பிள்ளை அதை காப்பி செய்து டெர்மினலில் ஒட்டுகிறது. எந்த முறையில் செய்ய வேண்டும் என்று சொல்கிற விவரத்தை ஆப்ஷன் என்போம், அது ஹைஃபனில் தொடங்க வேண்டும் என்பது கணினிக்கு விதி, நீளக் கோடு அதற்கு வேறொரு எழுத்து. ஆகவே கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை அதை ஆப்ஷனாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு கோப்பின் பெயர் என்று நினைத்து "அப்படி ஒரு கோப்போ ஃபோல்டரோ இல்லை" என்கிறது. பிள்ளை இல்லாத கோப்பைத் தேடுகிறது! பைத்தானில் எழுதின புரோகிராம் என்றால் "தெரியாத ஆர்க்யுமென்ட்" என்று அதையே திருப்பிக் காட்டும். மேனுவலில் உள்ளதையும் திரையில் உள்ளதையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஏனென்றால் இரண்டுமே தவறு. குடியாத்தத்தில் இருந்து வரும் ஒரு பையன், நன்றாகப் படிக்கிறவன், இந்த ஒன்றாலேயே "லினக்ஸ் எனக்கு வராது சார்" என்று சொல்லிவிட்டான். அந்தக் கோடு எத்தனை பிள்ளைகளுக்கு நம்பிக்கையைக் கெடுத்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வந்த சொல்லின் முதல் எழுத்து அந்த நீளக் கோடா என்று பார்த்து, "இது ஹைஃபன் இல்லை, வேறு ஆவணத்தில் இருந்து ஒட்டியது போலிருக்கிறது, கையால் இரண்டு ஹைஃபன் அடித்துப் பாருங்கள்" என்று சொல்ல பைத்தானில் மூன்று வரி போதும். மேனுவல் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: வேர்டின் ஆட்டோகரெக்ட் அமைப்பில் இந்த மாற்றங்களை நிறுத்தி வைக்கலாம், தயவுசெய்து நிறுத்துங்கள்.

இதெல்லாம் நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது, நன்றாகச் செய்கிற கருவிகள் கண்முன்னே இருக்கின்றன. புரோகிராமில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில், பதியச் சொல்லும் கமிட் என்பதை ஓர் எழுத்து விட்டு அடித்தால் அப்படி ஒரு கட்டளை இல்லை என்று சொல்வதோடு, இதற்கு ரொம்ப நெருக்கமாக இருப்பது கமிட் என்றும் காட்டுகிறது. சி மொழிப் புரோகிராமைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றும் ஜிசிசியில் ஆப்ஷன் பெயரைப் பிசகி அடித்தால் நீங்கள் நினைத்தது இதுவா என்று கேட்கிறது. எல்எஸ்ஸில் எதை வைத்து வரிசைப்படுத்த வேண்டும் என்ற இடத்தில் அதற்குத் தெரியாத சொல்லைக் கொடுத்தால், எந்த ஆப்ஷனுக்கு எந்தச் சொல் பொருந்தவில்லை என்று சொல்லி, ஏற்கத்தக்க சொற்கள் அத்தனையையும் வரிசையாகக் கீழே போடுகிறது. சிபி கட்டளையால் ஒரு ஃபோல்டரை நகலெடுக்கப் பார்த்தால் முன்பெல்லாம் "ஃபோல்டரை விட்டுவிடுகிறேன்" என்று மட்டும் சொல்லும், ஏன் என்று சொல்லாது. இப்போது "மைனஸ் ஆர் கொடுக்கப்படவில்லை, ஆகவே ஃபோல்டரை விட்டுவிடுகிறேன்" என்கிறது. மைனஸ் ஆர் என்பது ஃபோல்டரை உள்ளே இருப்பதோடு நகலெடுக்கச் சொல்லும் ஆப்ஷன். சேர்த்தது இரண்டு மூன்று சொல்தான். புதிதாகக் கற்கும் பிள்ளை அந்த இடத்தில் யாரையும் கூப்பிடாமல் தானே சரிசெய்துகொண்டு போகிறது, வகுப்பிலேயே பார்க்கிறேன்.

எனக்கு இதில் எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஃபைண்ட் கட்டளை செய்திருப்பது. ஒரு ஃபோல்டருக்குள் இருக்கும் டெக்ஸ்ட் கோப்பை எல்லாம் தேட, பெயர் என்ற ஆப்ஷனுக்குப் பின்னால் நட்சத்திரக் குறி போட்டு அடிப்போம். அதை மேற்கோள் குறிக்குள் வைக்கவில்லை என்றால், ஃபைண்ட் கையில் போய்ச் சேருவதற்கு முன்பே ஷெல், அதாவது நாம் அடிப்பதை முதலில் வாங்கிப் படிக்கும் புரோகிராம், அந்த நட்சத்திரத்தை விரித்து அங்கே இருக்கும் கோப்புப் பெயர்களாக மாற்றிவிடும். ஃபைண்டுக்கு நட்சத்திரம் வந்ததே தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு பெயர் வர வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று பெயர் வந்திருக்கிறது என்பதுதான். பழைய பதிப்பு "பாதைகள் எல்லாம் நிபந்தனைகளுக்கு முன்னால் வர வேண்டும்" என்று மட்டும் சொல்லும். தொழில்நுட்பப்படி அது உண்மை, படிப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. புதிய பதிப்பு கூடவே இன்னொரு வரி சேர்க்கிறது: பெயர் ஆப்ஷனுக்குப் பின்னால் மேற்கோள் குறி போடாமல் விட்டீர்களோ? தன் கண்ணில் படாத பிழையைக் கூட, இப்படி வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும் என்று யோசித்து யாரோ ஒருவர் எழுதியிருக்கிறார். இந்தப் பரிவைத்தான் நம் பிள்ளைகளும் கற்க வேண்டும் என்கிறேன்.

சரி, பழைய கருவிகள் ஏன் இவ்வளவு மொட்டையாகப் பேசுகின்றன? அதற்கு அந்தக் காலத்தில் நியாயம் இருந்தது. யூனிக்ஸ் பிறந்த 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் திரை கிடையாது, டெலிடைப் என்ற தட்டச்சு எந்திரம் காகிதத்தில் அடித்துத் தள்ளும். மாடல் 33 என்ற எந்திரம் நொடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும். 200 எழுத்தில் விளக்கம் சொன்னால் 20 நொடி உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால்தான் ஈடி என்ற அன்றைய எடிட்டர் என்ன தவறு நடந்தாலும் ஒரு கேள்விக்குறியை மட்டும் அடித்துவிட்டு நிற்கும். இன்றைக்கு நொடியில் ஆயிரம் வரி ஓடுகிற திரையில் அந்தச் சிக்கனத்துக்கு என்ன வேலை?

இன்னொரு காரணம் உள்ளே இருக்கிறது. புரோகிராம் ஒரு வேலையை லினக்ஸ் கெர்னலிடம், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியிடம், கேட்கிறது, முடியாவிட்டால் கெர்னல் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். 22 என்றால் இன்வேலிட் ஆர்க்யுமென்ட். எத்தனையோ விதமான தவறுக்கு அந்த ஒரே எண்தான். எழுதினவர் அந்த எண்ணுக்குரிய சொல்லை எடுத்து அப்படியே திரையில் போட்டுவிட்டால் தன் கடமை முடிந்தது என்று நினைக்கிறார். பென் டிரைவை இணைக்கிற மவுண்ட் கட்டளையின் செய்தியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கோப்பு முறைமையின் வகை தவறு, ஆப்ஷன் தவறு, சூப்பர்பிளாக் தவறு, கோட்பேஜோ துணை நிரலோ இல்லை, அல்லது வேறு ஏதோ பிழை என்று இருப்பதையெல்லாம் அடுக்கிவிட்டு, இதில் எது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடும். மவுண்டை எழுதினவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் கையில் கிடைத்ததே அந்த ஓர் எண்தான். 2019இல் வந்த கெர்னல் 5.2இல் இணைக்கும் முறையையே புதிதாக அமைத்து, என்ன கோளாறு என்ற விளக்கத்தையும் கெர்னலிடமிருந்து வாங்கிக்கொள்ள வழி செய்தார்கள். அடித்தளத்திலேயே கை வைத்துச் சரிசெய்கிற அளவுக்கு உலகம் இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்கிறது. நாம் எழுதுகிற சின்னப் புரோகிராமில் கெர்னல் வரைக்கும் போகத் தேவையே இல்லை. வேலையைத் தொடங்கும் முன்பே கோப்பு இருக்கிறதா, எண் எண்ணாக இருக்கிறதா, எழுத வேண்டிய ஃபோல்டருக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். அரை மணி நேரம் ஓடிவிட்டு, கடைசியில் எழுதும்போது அந்த ஃபோல்டர் இல்லை என்று சொல்கிற புரோகிராமை என்னவென்று சொல்வது? அப்புறம், மூன்று தவறு இருந்தால் மூன்றையும் ஒரே முறையில் சொல்ல வேண்டும். ஒன்றைத் திருத்தி ஓட்டினால் அடுத்தது, அதைத் திருத்தினால் இன்னொன்று என்று அலைக்கழிக்கக் கூடாது.

சொல்கிற இடமும் முக்கியம். சிலர் சின்னப் பிழைக்கும் முழு உதவிப் பக்கத்தையும் கொட்டிவிடுகிறார்கள். என்ன பிழை என்ற ஒரு வரி மேலே ஓடி மறைந்துவிடும், கண்ணில் படுவது நமக்குத் தேவையில்லாத முப்பது ஆப்ஷன். ஆர்க்யுமென்ட்டுகளைப் படித்துத் தர பைத்தானோடு வரும் ஆர்க்பார்ஸ் என்ற தொகுப்பு இதைச் சரியாகச் செய்கிறது, எப்படிப் பயன்படுத்துவது என்பதைச் சுருக்கமாக மேலே போட்டு, பிழையைக் கடைசி வரியில் வைக்கிறது. கண் முதலில் போவது அங்கேதான். அதே போல், பிழைச் செய்தியை அதற்கென்றே உள்ள தனி வெளியீடான ஸ்டாண்டர்ட் எரர் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். சாதாரண வெளியீட்டில் கலந்துவிட்டால், வெளியீட்டைக் கோப்பில் சேமிக்கிறவருக்குத் திரையில் ஒன்றுமே தெரியாது, நாளைக்கு அந்தக் கோப்பை எக்செல்லில் திறக்கும்போது முதல் கட்டத்தில் எரர் என்று உட்கார்ந்திருக்கும். முடியும்போது திருப்பித் தரும் எண்ணும் அப்படித்தான், வெற்றி என்றால் 0, தோல்வி என்றால் வேறு எண். ஆர்க்யுமென்ட் தவறு என்றால் ஆர்க்பார்ஸ் 2 தரும். மாணவர்கள் எழுதும் புரோகிராம்கள் பல, எரர் என்று திரையில் போட்டுவிட்டு 0 தந்து முடிகின்றன. ராத்திரி தானாக ஓடுகிற பேக்கப் வேலையில் இப்படி ஒன்று இருந்தால், நகல் எடுக்கவில்லை, ஆனால் எல்லாம் சரி என்று நினைத்து அடுத்த கட்டளை பழைய நகலை அழித்துவிடும். ஆஸ்பத்திரி லேப்பில் வேலை செய்பவர்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள் என்றேனே, அவர்களிடம் இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

நெருக்கமான பெயரைச் சுட்டிக் காட்டுவது ஏதோ பெரிய செயற்கை நுண்ணறிவு வேலை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுகிற கணக்கு அது, லெவன்ஷ்டைன் என்ற ரஷ்யக் கணித அறிஞர் 1965இலேயே கொடுத்துவிட்டார். பைத்தானில் அது கூட எழுத வேண்டாம், டிஃப்லிப் என்று உடன்வரும் தொகுப்பில் நெருங்கிய சொல்லை எடுத்துத் தரும் வசதி தயாராக இருக்கிறது, ஒரே வரி. ஆனால் சுட்டிக் காட்டுவதோடு நிறுத்த வேண்டும். இதைத்தான் நினைத்திருப்பார் என்று தானாகவே ஓட்டிவிடக் கூடாது, அதுவும் அழிக்கிற, மாற்றி எழுதுகிற கட்டளையில் கூடவே கூடாது. கிட் கூட, நாமாக அமைப்பை மாற்றி வைத்தால் ஒழிய, பெயரைக் காட்டிவிட்டு நின்றுவிடும்.

இதைப் பேசினால் இரண்டு பதில் வரும். ஒன்று, கமாண்ட் லைன் என்பதே தெரிந்தவர்களுக்கானது, தெரியாதவர்கள் மேனுவலைப் படிக்கட்டும் என்பது. தெரிந்தவரும் ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் சர்வரைச் சரிசெய்கிறார், அவருக்கும் எது தப்பு என்று சொன்னால் நல்லதுதான். அது இருக்கட்டும், எங்கள் மாவட்டத்தில் இந்தக் கட்டளைகளை அடிக்கிறவர்கள் யார்? விரும்பித் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை. ஆபீஸில் இதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று கொடுத்துவிட்டார்கள், வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்குப் பாடத்தில் வைத்துவிட்டார்கள். இன்னொரு பதில், எரரை அப்படியே சாட்ஜிபிடியில் போட்டால் சொல்லிவிடப் போகிறது என்பது. நான் அதை வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை, ஆனால் "தவறான உள்ளீடு" என்ற இரண்டு சொல்லை அதனிடம் கொடுத்தால் அதுவும் பத்து ஊகத்தைத்தான் திருப்பித் தரும். அந்த ஆம்பூர் புரோகிராமில் மாதம் முன்னால் இருக்கிறது என்பது அதற்கு எப்படித் தெரியும்? செய்தியில் இருந்தால் மனுஷருக்கும் புரியும், அதற்கும் புரியும்.

தமிழில் சொல்லலாமா என்று கேட்பவர்களுக்கு: கணக்கர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் எழுதுகிற புரோகிராம் என்றால் கட்டாயம் தமிழில் சொல்லுங்கள். ஆப்ஷன் பெயரை மட்டும் அடிக்க வேண்டியபடியே விடுங்கள், கூடவே ஒரு பிழை எண் வையுங்கள், போனில் உதவி கேட்கும்போது அந்த எண்ணைச் சொன்னால் போதும். கோப்புப் பெயரை வாக்கியத்துக்கு நடுவில் வைத்து அதன் மேல் வேற்றுமை உருபை ஒட்டாமல் தனி வரியில் போடுங்கள், படிக்கவும் நன்றாக இருக்கும், காப்பி செய்யவும் முடியும். ஒரு சிக்கல் உண்டு. பல டெர்மினல்களில் கொம்பும் காலும் இடம் மாறி, எழுத்து உடைந்து தெரிகிறது, ஏனென்றால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் என்று வைத்துக் கட்டியது டெர்மினல். ஆகவே அந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், உடைந்தால் எளிய ஆங்கிலத்தில் ஒரு வரியும், தமிழ் விளக்கத்தைத் தனிக் கோப்பிலும் வைக்கலாம்.

இப்போது நான் கேட்க வந்ததற்கு வருகிறேன். நம் கல்லூரி ரெக்கார்டு நோட்டு எப்படி இருக்கும்? நோக்கம், வழிமுறை, நிரல், வெளியீடு, முடிவு. வெளியீடு என்ற பக்கத்தில் எல்லாப் பிள்ளையும் சரியான விவரம் கொடுத்து வந்த சரியான விடையைத்தான் ஒட்டுகிறது. முடிவு என்ற இடத்தில் நிரல் வெற்றிகரமாக இயங்கியது என்று ஒரே வாக்கியம். தவறான விவரம் கொடுத்தால் என்ன வந்தது என்று காட்ட மூன்று வருஷத்தில் ஒரு பக்கம் கூட இல்லை. மதிப்பெண் இல்லாத இடத்தில் பிள்ளைகள் ஏன் மெனக்கெடுவார்கள்? அப்படிப் பழகினவர்கள்தான் நாளைக்கு ஆம்பூர் கம்பெனிக்கும் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறார்கள், பெங்களூரு போய்ப் பெரிய கம்பெனியிலும் எழுதுகிறார்கள்.

வேலூர்ப் பகுதிக் கலைக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தைப் பார்க்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகமும், பொறியியல் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகமும், தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களாகவேயும் இதைச் செய்யலாம், பாடத்தைக் கூட மாற்ற வேண்டாம். ஒவ்வொரு செய்முறைப் பயிற்சியிலும் வெளியீட்டுக்கு அடுத்து தவறான உள்ளீடு என்று ஒரு பகுதி. விவரம் கொடுக்காமல் ஒரு முறை, எண் வேண்டிய இடத்தில் எழுத்து கொடுத்து ஒரு முறை, இல்லாத கோப்பின் பெயரைக் கொடுத்து ஒரு முறை, ஆப்ஷன் பெயரைப் பிசகி ஒரு முறை ஓட்டி, வந்த செய்தியை ஒட்ட வேண்டும். பத்து மதிப்பெண்ணில் இரண்டை அதற்கு ஒதுக்குங்கள். செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் ஆசிரியர் ஒரே ஒரு தவறான கட்டளையை அடித்துப் பார்த்து, செய்தியைப் படித்து மட்டும் தன்னால் அதைத் திருத்த முடிகிறதா என்று பார்த்தால் அந்த இரண்டு மதிப்பெண்ணைப் போட்டுவிடலாம்.

கல்லூரிகள் முடிவெடுக்கும் வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. யாரும் உள்ளே பார்த்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளில் பங்களிக்க ஆசைப்பட்டு எங்கே தொடங்குவது என்று கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான். நீங்கள் தினம் பயன்படுத்தும் ஒரு கருவியில் உங்களைக் குழப்பிய ஒரு பிழைச் செய்தியை எடுங்கள், அது எந்தச் சூழலில் வந்தது, எப்படி இருந்தால் உடனே புரிந்திருக்கும் என்று எழுதி, திருத்தத்தையும் சேர்த்து அனுப்புங்கள். மாற்றுவது ஒன்றிரண்டு வரி என்பதால் பொறுப்பில் இருப்பவர்கள் படித்துப் பார்ப்பதும் எளிது. உங்கள் கல்விப் பக்கத்தில் இதற்கு மாதம் ஒரு முறை சின்ன இடம் ஒதுக்கினால், மாணவர்கள் திருத்திய செய்திகளை முன்பு இருந்தது, இப்போது இருப்பது என்று பக்கத்தில் பக்கத்தில் போடலாம். என் வகுப்புப் பிள்ளைகள் செய்தவற்றைத் தொகுத்து அனுப்ப நான் தயார்.

இப்படிக்கு,
கணினிப் பயிற்றுநர்,
சத்துவாச்சாரி, வேலூர்.